பூங்கொடியின் ஐந்து ஃபவுல்கள்

போன வாரம் துடியலூரில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்து தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தேன். இனிப்பு கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தேங்காய் பன்னில் இருப்பது தேங்காய்தானே என்று நானாக ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு அவ்வப்போது தின்பது வழக்கம். பக்கத்து மேசையில் மூன்று கல்லூரிப் பையன்கள் ஒரே போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு கொதித்துக்கொண்டிருந்தார்கள். "யார்ரா இவன்? பேரையே கேள்விப்பட்டதில்ல. இத்தன நாள் காத்திருந்தது பெஞ்ச்ல உக்காரற ஆளுக்கா?" என்றான் ஒருவன். காதைக் கொடுத்துக் கேட்டதில் விஷயம் புரிந்தது. அமெரிக்காவில் இவர்கள் உயிரையே வைத்திருக்கும் ஒரு கூடைப்பந்து அணி, யாருக்கும் தெரியாத ஒரு மாற்று ஆட்டக்காரரை எடுத்திருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையன்கள் திரும்பி முறைத்தார்கள். பன்னைப் பார்த்துச் சிரித்ததாகக் காட்டிக்கொண்டேன். அவர்களில் ஒருவன் முட்டியில் வலிக்கு அடிக்கும் ஸ்ப்ரே அடித்திருந்தான். அந்தக் காரமான வாடை மூக்கில் ஏறியதும் நான் துடியலூரில் இல்லை. பெரியநாயக்கன்பாளையத்தில், பம்ப்செட் கம்பெனி மைதானத்தின் சிமெண்ட் படிக்கட்டில், கையில் முட்டை பப்ஸோடு உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கம்பெனியில்தான் நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தேன். டெஸ்பாட்ச் பிரிவில் டைப் அடிக்கிற வேலை. செல்போன் எல்லோர் கைக்கும் வந்திராத காலம் அது. கம்பெனிக்குப் பெண்கள் கூடைப்பந்து அணி ஒன்று இருந்தது. நன்றாக ஆடும் பெண்களைக் கூட்டிவந்து கம்பெனியிலேயே வேலையும் கொடுத்து ஆடவிடுவார்கள். கூடைப்பந்தைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம், பள்ளிக்கூடத்தில் ஒருமுறை எங்கள் கூடையிலேயே நான் பந்தைப் போட்டது மட்டும்தான். என் ஊருக்கான பஸ் வர நேரமாகும் என்பதால் மைதானத்தில் போய் உட்கார ஆரம்பித்தேன். பப்ஸ் அங்கேயே கிடைத்ததும் ஒரு காரணம்.

அந்த அணிக்கு உயிரைக் கொடுத்த ரசிகர்கள் யார் தெரியுமா? ஃபவுண்டரி ஆட்கள். நாள் முழுக்கக் கருப்பு மண்ணிலும் இரும்பு உருக்கும் உலைச் சூட்டிலும் கிடந்துவிட்டு, ஷிப்ட் முடிந்ததும் துணி சோப்பையே மேலுக்கும் தேய்த்துக் குளித்து, அந்த வாசனையோடு வரிசையாக வந்து உட்காருவார்கள். ஆட்டம் தொடங்கினால் ஒரே கூச்சல். ஆனால் அந்தக் கூச்சலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். "அம்மணி, உடாதீங்க!" "அக்கட்ட பாருங்க, சும்மா நிக்கறாங்க, அவுங்களுக்குக் குடுங்க!" நடுவர் தப்பாக விசில் ஊதினால், "ஏனுங்க, கண்ணு தெரியலீங்ளா உங்களுக்கு?" என்று மரியாதையாகவே திட்டுவார்கள். கொங்கு நாட்டில் 'ங்க' போடாமல் கோபப்படக்கூட எங்களுக்கு வராது.

இவர்களுக்கெல்லாம் தலைவர் மூர்த்தியண்ணன். ஃபவுண்டரியில் ஃபோர்மேன். பந்தைக் கையால் தொட்டதே இல்லை. ஆனால் யாரை எடுக்க வேண்டும், யாரை உட்கார வைக்க வேண்டும் என்பதையெல்லாம் கம்பெனிக்கு எதிரே இருந்த பேக்கரியில் டீ குடித்தபடியே முடிவு செய்துவிடுவார். கோச் அதன்படி நடக்கவில்லை என்றால் அன்றைக்கு வீட்டில் சரியாகச் சாப்பிடமாட்டாராம். அவர் சம்சாரம் என்னிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். எனக்கு விதிகளைச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். பாதி தப்பு என்று பின்னால்தான் தெரிந்தது.

அணியின் நட்சத்திரம் தேன்மொழி. நெடுநெடுவென்று உயரம். அவள் கைக்குப் பந்து போனால் கூடைக்குப் போனதாகவே அர்த்தம். அவளிடம் ஒரே ஒரு குறை. எதிரணியில் உயரமான பெண் யார் இருந்தாலும் அவளைத் தடுக்கும் வேலையும் தேன்மொழி தலையிலேயே விழும். தடுக்கப்போனால் இடிக்கும், இடித்தால் ஃபவுல். ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே போய்விட வேண்டும் என்பது விதி. முக்கியமான ஆட்டத்தில் எல்லாம் கடைசி நேரத்தில் தேன்மொழி வெளியே உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருப்பாள். நாங்கள் தோற்றுவிட்டு பஸ் ஏறுவோம்.

இதற்கு ஒரு வழியாகப் புதிதாக ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. பேக்கரி பரபரத்தது. சென்னையிலிருந்து ஒரு பெண் வருகிறாள், கேரளாவிலிருந்து ஒருத்தி வருகிறாள் என்று ஆளுக்கு ஒரு வதந்தி. கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை, மேட்டுப்பாளையம் பஸ்ஸிலிருந்து டிபன் கேரியரோடு பூங்கொடி இறங்கினார். கல்யாணமாகிக் குழந்தை பெற்றவர். உயரம் என்னைவிடக் கொஞ்சம்தான் அதிகம். கட்டுமஸ்தான உடம்பு. பாக்குமண்டியில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தவரைக் கூட்டிவந்து பேக்கிங் பிரிவில் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூட நாளில் ஆடியதுதானாம்.

அன்றைக்கு பேக்கரியில் டீ விற்றதே தவிர யாரும் குடித்ததாகத் தெரியவில்லை. "மெட்ராஸ்ல ஆளே இல்லீங்ளா?" "கோச்சோட ஒறம்பரையா இருக்குமுங்க, சொந்தக்காரப் புள்ளயாட்ட." "உசரமும் இல்ல, ஓட்டமும் இல்ல, இவிங்கள எதுக்குங்க எடுத்துப்போட்டாங்க?" நானும் சும்மா இருக்கவில்லை. எல்லாம் தெரிந்தவள் மாதிரி உதட்டைப் பிதுக்கினேன். கூட்டத்தோடு சேர்ந்து உதட்டைப் பிதுக்குவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. பொறுக்கமாட்டாமல் மூர்த்தியண்ணன் நேராகக் கோச்சிடமே போய்க் கேட்டுவிட்டார். திரும்பி வந்தவர் முகத்தில் ஒரே குழப்பம்.

"என்னண்ணா சொன்னாரு?" என்றேன்.

"'அவுங்ககிட்ட அஞ்சு ஃபவுல் இருக்குதுங்க மூர்த்தி'ன்னு சொல்லிப்போட்டுப் போயிட்டாருங்க அம்மணி."

அதன் அர்த்தம் முதல் ஆட்டத்தில் விளங்கியது. எதிரணியில் ஒரு கல்லூரிப் பெண், தென்னை மரம் மாதிரி வளர்ந்தவள், பந்தோடு கூடைக்குக் கீழே பாய்ந்தாள். பூங்கொடி குறுக்கே போய் நின்றார். ஒரே இடி. அந்தப் பெண் தரையில் கிடந்தாள். நடுவர் விசிலை வாயில் வைப்பதற்குள் பூங்கொடி வலது கையை உயரத் தூக்கிவிட்டார். ஃபவுல் செய்தவர் தானே கை தூக்கி ஒப்புக்கொள்வது அப்போதைய வழக்கம். எல்லோரும் கடனே என்று அரைக் கை தூக்குவார்கள். இவர் தூக்கியது முழுக் கை. அதோடு விட்டாரா? குனிந்து அந்தப் பெண்ணைத் தூக்கிவிட்டு, "எந்திரிங்க கண்ணு. அடி பட்டுப்போச்சுங்ளா?" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

ஃபவுண்டரி வரிசை தலையில் கை வைத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் இடி, மறுபடியும் கை, மறுபடியும் "பட்டுப்போச்சுங்ளா கண்ணு?" மூன்றாவது தடவை யாரோ சிரித்தார்கள். நான்காவது தடவை அந்தக் கல்லூரிப் பெண்ணே சிரித்துவிட்டாள். ஐந்தாவதுக்குப் பூங்கொடி கையைத் தூக்கியபடியே மைதானத்தை விட்டு வெளியே வந்து, டவலால் முகம் துடைத்து, டிபன் கேரியரைத் திறந்து நிதானமாகத் தக்காளி சாதம் சாப்பிட ஆரம்பித்தார். அவர் வேலை முடிந்தது. உள்ளே தேன்மொழி ஒரு ஃபவுல்கூட இல்லாமல் கூடை கூடையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஜெயித்தோம்.

அப்புறம் என்ன, அவர் ஐந்தாவது ஃபவுலுக்கு வெளியே வரும்போதெல்லாம் படிக்கட்டே எழுந்து நின்று கை தட்ட ஆரம்பித்தது. "அம்மணி, தக்காளி சாதமுங்ளா, புளி சாதமுங்ளா?" என்று குரல் கொடுப்பார்கள். அவரும் டப்பாவைச் சாய்த்துக் காட்டுவார்.

வீடு திரும்பும்போது நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போவோம். நான் காரமடையில் இறங்கிவிடுவேன், அவர் மேட்டுப்பாளையம் வரை. ஆட்டமும் பயிற்சியும் முடிந்து அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் அவருடைய பெண் குழந்தை தூங்கிப்போயிருக்கும். காலையில் கிளம்பும்போதும் அது தூங்கிக்கொண்டுதான் இருக்கும். "சீசனுக்குன்னுதான் எடுத்திருக்காங்க கண்ணு. பர்மனெண்ட் பண்ணிப்போட்டா இங்கியே ஒரு ஊடு புடிச்சுக்குவேன். புள்ள முழிச்சிருக்கயில மூஞ்சியப் பாக்கோணுமல்ல?" என்றார் ஒருநாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பையிலிருந்த கடலை மிட்டாயைக் கொடுத்தேன்.

பர்மனெண்ட் செய்ய வேண்டியவர் சின்ன முதலாளி. நல்ல மனிதர்தான். ஆனால் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், எதற்கும் கணக்கு வேண்டும் அவருக்கு. "சீசன் பூரா ஆடி ஒரு பாயிண்ட்கூடப் போடல. எதுக்கு பர்மனெண்ட்?" என்று கேட்டாராம். கோச் எவ்வளவோ விளக்கிப் பார்த்திருக்கிறார். சரி, இறுதி ஆட்டத்துக்கு நானே வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

இது தெரிந்ததும் பேக்கரியில் மறுபடியும் அவசரக் கூட்டம். அவரை எதற்கு எடுத்தார்கள் என்று கேட்ட அதே வாய்கள்தான். மூர்த்தியண்ணன் தீர்மானமாகச் சொன்னார்: "நாளைக்கி அம்மணி ஒரே ஒரு பாயிண்ட் போட்டாப் போதுமுங்க. மொதலாளி கண்ணு முன்னால போடோணும்." தேன்மொழியிடமும் சொல்லி வைத்தோம். பந்து கிடைத்தால் பூங்கொடிக்குக் கொடுப்பதாக அவளும் ஒத்துக்கொண்டாள்.

இறுதி ஆட்டத்துக்குச் சின்ன முதலாளி சட்டை கலையாமல் வந்து முன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆட்டம் சமமாகவே போனது. பூங்கொடி நான்கு ஃபவுல் செய்துவிட்டு, நான்கு பேரிடம் சுகம் விசாரித்துவிட்டு, இன்னும் உள்ளே நின்றுகொண்டிருந்தார். முடியப்போகிற நேரம். தேன்மொழி சொன்ன சொல் தவறாமல் பந்தைப் பூங்கொடிக்குத் தள்ளினாள். கூடைக்கு நேர் கீழே, பக்கத்தில் யாருமே இல்லாமல் நிற்கிறார். மொத்தப் படிக்கட்டும் எழுந்து கத்தியது: "போடுங்க அம்மணி!" என் பப்ஸ் எங்கே போய் விழுந்தது என்று இன்றுவரை தெரியாது.

அவர் போடவில்லை. பந்தைத் திரும்பத் தேன்மொழிக்கே கொடுத்தார். அவள் போட்டாள். இரண்டு புள்ளி முன்னால் போய்விட்டோம். மூர்த்தியண்ணன் "அட போங்க!" என்று துண்டைத் தூக்கி எறிந்தார். அதற்குள் எதிரணிப் பெண் ஒருத்தி பந்தோடு ஓட, பூங்கொடி குறுக்கே போய் விழ, விசில், ஐந்தாவது ஃபவுல், உயர்ந்த கை. "பட்டுப்போச்சுங்ளா கண்ணு?" அந்த ஃபவுலுக்காக அந்தப் பெண்ணுக்கு யாரும் தடுக்காமல் கூடையில் போட இரண்டு வீச்சு கிடைத்தது. ஒன்று விழுந்தது. ஒன்று வளையத்தில் சுற்றி வெளியே வந்துவிட்டது. ஒரு புள்ளியில் கோப்பை எங்களுக்கு. பூங்கொடி மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டிபன் கேரியரை அன்றைக்கு அவர் திறக்கவில்லை.

மூர்த்தியண்ணன் கோபத்தோடு போய்க் கேட்டார். "ஏனுங்க அம்மணி, போட வேண்டீதுதானுங்க?"

"நான் போட்டா உழுகாதுங்கண்ணா. அந்தப் புள்ள போட்டா உழுகுமுங்க. ஜெயிக்கோணுமல்லங்க?" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

மூர்த்தியண்ணன் விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். ஃபவுண்டரி ஆட்கள் பின்னாலேயே போனார்கள். என் கால்களும் போய்விட்டன. சின்ன முதலாளியின் கார் கிளம்பி கேட்டுக்கு வரவும், அண்ணன் நேர் குறுக்கே போய் நின்றுவிட்டார். டிரைவர் பிரேக் போட்டதில் முதலாளி முன் சீட்டில் முட்டிக்கொண்டார். அண்ணன் உடனே வலது கையை உயரத் தூக்கினார். பின்னால் நின்ற அத்தனை பேரும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

அண்ணன் ஜன்னலுக்குப் போய்க் குனிந்தார். "அடி பட்டுப்போச்சுங்ளா?"

முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டே எங்கள் எல்லோரையும் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். "பட்டுருச்சு மூர்த்தி. நாளைக்கு ஆபீஸ்ல வந்து பாருங்க" என்றார்.

பூங்கொடி பர்மனெண்ட் ஆனார். கம்பெனிக்குப் பின்புறச் சந்தில் வீடும் பிடித்துவிட்டார். அடுத்த சீசன் முதல் ஆட்டத்துக்கு அவருடைய மகள் இரட்டைச் சடையோடு வந்து எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். முதல் ஃபவுலுக்குப் பூங்கொடி கையைத் தூக்கினார். அம்மா தன்னைப் பார்த்துத்தான் கை காட்டுகிறாள் என்று நினைத்து அந்தக் குழந்தை எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டியது. யாருக்கும் திருத்த மனம் வரவில்லை. மூர்த்தியண்ணனும் கையை ஆட்டினார். அப்புறம் ஒவ்வொரு ஃபவுலுக்கும் படிக்கட்டு முழுக்கக் கை ஆட்டுவது எங்கள் கம்பெனி வழக்கமாகவே ஆகிப்போனது. வெளியூர் அணிகள் ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டு நிற்கும்.

பின்னால் ஃபவுண்டரியை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அணி கலைந்தது. மைதானத்தில் கோடவுன் வந்துவிட்டது. மூர்த்தியண்ணனும் இப்போது இல்லை. எதிரே இருந்த பேக்கரி மட்டும் இன்னும் இருக்கிறது, ஏசி வைத்துவிட்டார்கள். நான் அங்கே போவதில்லை.

துடியலூர்ப் பையன்கள் அந்தப் புது ஆளின் பழைய ஆட்டம் ஒன்றைப் போனில் ஓடவிட்டார்கள். "தம்பி, நானும் பாக்கட்டுங்களா?" என்று நாற்காலியை நகர்த்திக்கொண்டேன். பாவம், தள்ளி இடம் கொடுத்தார்கள். அந்த ஆள் உள்ளே வந்தான், எதிராளியை இடித்துத் தள்ளினான், விசில் ஊதினார்கள். அவன் இரண்டு கையையும் விரித்து, நான் எங்கே தொட்டேன் என்று நடுவரிடம் சண்டைக்குப் போனான். கீழே விழுந்தவன் தானாக எழுந்து போனான்.

மேசைக்குக் கீழே என் வலது கை பாதி தூக்கியபடி இருந்தது. மெதுவாக இறக்கி, மிச்சமிருந்த பன்னை எடுத்துக்கொண்டேன்.