ஏழு நிமிட வீடியோவில் ஓடி வந்தவள்

போன வருடம் கோடை முடிந்த சமயம் இது நடந்தது. குடியாத்தம் பக்கத்துக் கிராமம் எனக்கு. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை. தினமும் கம்பெனி பஸ்ஸில்தான் போவேன். ஏறியதும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினால், பேரணாம்பட்டு தாண்டித்தான் விழிப்பே வரும்.

அந்த மாதம் பஸ் அடிக்கடி தாமதமாகப் போனது. சைரன் ஊதிய பிறகு போனால், கேட்டிலேயே நிற்கவைத்துப் பெயர் எழுதிக்கொண்டுதான் விடுவார்கள். பஸ்ஸில் வரும் நாற்பது பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்க வேண்டும். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. டிரைவர் ஒரு வயதான பாய். ஒருநாள் கண் விழித்தபோது பஸ் நின்றிருந்தது, அவர் கையில் டீ கிளாஸ். போதாதா எனக்கு? டீ குடிக்கவே பஸ்ஸை நிறுத்துகிறார், ஆளை மாற்றுங்கள் என்று புகார் எழுதி, பத்துப் பேரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

எச்.ஆர். மேடம் படித்துப் பார்த்தார். "ஆதாரம் இல்லாம ஒருத்தர் வேலைய எப்படிம்மா எடுக்கறது? பஸ்ஸு முன்னாடி கேமரா இருக்குது. ஆனா அத்தன மணி நேரத்த யாரு உக்காந்து பாக்கறது?"

"நான் சுருக்கித் தர்றேன் மேடம்" என்று வீராப்பாகச் சொல்லி மெமரி கார்டை வாங்கி வந்தேன்.

அதில் பத்து நாள் பதிவுதான் இருந்தது. காலைப் பயணம் மட்டும் மொத்தமாகப் பன்னிரண்டு மணி நேரம், மூன்று மூன்று நிமிடத் துண்டுகளாக. ஞாயிற்றுக்கிழமை சமையல் முடிந்ததும் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். ஐந்து விநாடிக்கு ஒரு படம் எடு, எல்லாவற்றையும் வரிசையாக ஒட்டு, இவ்வளவுதான் நான் எழுதிய ஸ்கிரிப்ட், அதாவது சின்ன கம்ப்யூட்டர் புரோகிராம். முதல் தடவை ஓட்டினால் பஸ் ஆம்பூருக்குப் போய், மறுபடி எங்கள் ஊருக்கு வந்து, திடீரென்று பேரணாம்பட்டில் நின்றது. கம்ப்யூட்டர் எண்களை எழுத்து மாதிரி வரிசைப்படுத்தி, ஒன்றுக்குப் பிறகு பத்து, அதற்குப் பிறகு இரண்டு என்று கோப்புகளை அடுக்கியிருந்தது. அதைச் சரிசெய்து ஓட்டியதும், பத்து நாள் பயணம் ஏழே நிமிடத்தில் சர்ரென்று ஓடியது. எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

பிறகுதான் கவனித்தேன். டீக்காக என்று பஸ் எங்கேயும் தனியாக நிற்கவே இல்லை. நின்றதெல்லாம் எங்கள் பெண்கள் ஏறும் நிறுத்தங்களில். ஒவ்வொரு ஊரிலும் பஸ் நிற்கும், சந்திலிருந்து ஒருத்தி ஓடி வருவாள், பஸ் கிளம்பும். காரணம் எனக்குத் தெரியாதா என்ன! முதலில் வருபவள் படியில் ஒரு காலை மட்டும் வைத்துக்கொண்டு, "ஒரு நிமிசம் பாய், அவ வந்துட்டா" என்று பஸ்ஸைப் பிடித்து வைப்பது எங்கள் வழக்கம். அவர் டீ வாங்கிக் குடித்ததும் அப்படிக் காத்திருந்த நேரத்தில்தான்.

எல்லா ஊரையும்விட அதிக நேரம் நின்றது எங்கள் ஊரில். பத்து நாளில் எட்டு நாள், பாதிப் பின்னலும் பச்சைப் பையுமாக ஒருத்தி ஓடி வந்தாள். அது நான்தான். பக்கத்து வீட்டு அக்காவை முன்னால் அனுப்பிக் காலை வைக்கச் சொன்னதும் நான்தான்.

முகம் சுட்டது. ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தால் எங்கள் ஊர் நிறுத்தம் காணாமல் போயிருக்கும். கை அதுவரைக்கும் போனது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நாளைக்கு அவருக்கு வேலை போனால், அந்தப் பாவம் என்னைத்தானே சேரும்?

திங்கட்கிழமை மேடத்திடம் முழு வீடியோவையும் போட்டுக் காட்டினேன். "ஓடி வர்றது நான்தான் மேடம். புகார் தப்பு." மேடம் பாயைக் கூப்பிட்டு, ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டார்.

"உட்டுட்டு வந்தா அந்தப் பொண்ணுக்கு அன்னிக்கு சம்பளம் போய்டும் மேடம். நாலு பேச்சு நான் வாங்கிக்கறேன், இன்னா இப்போ" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். "உடும்மா. நல்லாத்தான் ஓடுற" என்று சிரித்தார்.

மதியம் கேன்டீன் டிவியில் எல்லோருக்கும் அதையே போட்டேன். ஒவ்வொருத்தி ஓடும்போதும் சிரிப்பில் கூரை அதிர்ந்தது. எனக்குத்தான் அதிகச் சிரிப்பு. கையெழுத்துப் போட்டவர்களே மேடத்திடமிருந்து புகாரை வாங்கிக் கிழித்தார்கள். இனி யாரும் படியில் கால் வைத்துப் பிடிப்பதில்லை என்று பேசி முடித்தோம்.

அடுத்த நாளே சைரனுக்குப் பத்து நிமிடம் முன்னால் பஸ் கேட்டுக்குள் நுழைந்தது. பெயர் எழுத நோட்டோடு நின்ற வாட்ச்மேன் திருதிருவென்று விழித்தார். நாற்பது பேரும் கைதட்டினோம், பாய் ஒரு நீள ஹாரன் அடித்தார். கம்ப்யூட்டரில் எத்தனையோ வேலை செய்திருக்கிறேன். ஆனால் என் மானத்தை வாங்கி ஒரு நல்ல மனிதரின் வேலையைக் காப்பாற்றிய அந்த ஏழு நிமிட வீடியோவை நினைத்தால்தான், இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.