அண்ணனின் முகம் பார்த்த திசை

பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் மகள் ஷூவுக்குக் கறுப்பு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அது காதர் அண்ணனின் வாசனை.

அண்ணன் பட்டாளத்தில் லாரி டிரைவர். லீவில் எங்கள் ஊர் பெருமாட்டிக்கு வந்தால், தன் பூட்ஸோடு அத்தாவின் பழைய செருப்பையும் என் பள்ளிக்கூடச் செருப்பையும் வரிசையாக வைத்துப் பாலிஷ் போடுவான். அத்தா தன் காலையே பார்த்துச் சிரித்துக்கொண்டு கடைக்கு நடப்பார்.

எனக்குப் பத்து வயதானபோது, பனிமலைச் சாலையில் அவன் லாரி பள்ளத்தில் உருண்டு எரிந்தது. ஆணியடித்த பெட்டியில் வீடு வந்தான். உடன் வந்தவர் அவனுடைய பட்டாளத்துச் சிநேகிதர், பக்கத்துச் சித்தூர்க்காரர் செல்வராஜ். பெட்டியைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு.

அம்மா கெஞ்சவில்லை. “தம்பி, தலை எந்தப் பக்கமுங்க?” என்று கேட்டாள். அவர் காட்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

“கபர்க் குழில மொகம் மேக்கே, மக்காவப் பாத்து இருக்கோணும். அப்படி வெச்சிருக்காங்களா?”

“நானே வலப்பக்கமாச் சாச்சுப் படுக்க வெச்சனுங்கம்மா.”

பள்ளிவாசலுக்குத் தூக்கும்வரை அம்மா கையை எடுக்கவில்லை.

பல வருடம் கழித்து அத்தா மௌத்தாகி அடக்கம் செய்த அன்று செல்வராஜ் வந்திருந்தார். என்னைத் தனியே அழைத்தார்.

“அன்னைக்கு அம்மாகிட்ட நாஞ் சொன்னது பொய்யுங்க. சாய்க்கறதுக்கு அங்க ஒண்ணுமே மிச்சமில்லீங்க” என்று அழுதார்.

அம்மாவுக்கு இப்போது எண்பது வயது. “எம் பையனை அந்தத் தம்பி நல்லபடியாப் படுக்க வெச்சாரு” என்று இன்று காலையிலும் சொன்னாள்.

“ஆமாம்மா” என்றேன்.