தாடி வைத்த சக்களத்தி

என் கணவருக்கு வருடத்தில் மூன்று மாதம் வேறொரு பெண்ணோடு குடித்தனம். இதை ஆபீசில் சொன்னால் முதலில் உச்சுக் கொட்டுவார்கள். அவள் எகிப்து நாட்டு அரசி, செத்து மூவாயிரத்து ஐந்நூறு வருடம் ஆகிறது என்றதும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். வயிற்றெரிச்சல் மட்டும் அடங்காது.

அவர் பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தில் படம் வரைகிறவர். கோயில் கோயிலாகப் போய்த் தூணையும் சிலையையும் அளந்து வரைவது வேலை. அந்தக் கையைப் பார்த்த ஒரு வெள்ளைக்கார மதாம், எகிப்தில் தான் நடத்தும் ஆய்வுக்கு அவரைக் கூப்பிட்டாள். மலையடிவாரத்தில் அடுக்கடுக்காக முற்றம் வைத்துக் கட்டிய கோயிலாம். தான் செத்த பிறகு தனக்குப் படையல் நடக்க வேண்டும் என்று அந்த அரசி உயிரோடு இருக்கும்போதே கட்டிக்கொண்டது. எனக்கு முதலில் மதாம் மேல்தான் சந்தேகம். ஒருமுறை அவள் லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். கைத்தடி ஊன்றி வந்த கிழவி. வத்தக்குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதோடு அந்தச் சந்தேகம் போய், ஆள் மாறியதுதான் மிச்சம்.

அங்கே அவர், சுவர் மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை ஒட்டி, கல்லில் செதுக்கிய கோட்டின் மேலேயே பேனாவை ஓட்டுவார். அதனால் சுவரில் என்ன அளவோ படமும் அதே அளவு. சுருட்டிக்கொண்டு வந்து எங்கள் ஹாலில் விரித்துப் போட்டு, பார்த்துப் பார்த்துச் சுத்தமாக மறுபடி வரைவார். டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் அவள் முழு ஆளாக, என்னைவிட உயரமாகப் படுத்திருப்பாள். ராஜாவாகவே நாடாண்டவளாம், அதனால் ராஜா மாதிரியே முகவாயில் தாடி கட்டியிருப்பாள். நான் காப்பி கொண்டுபோனால், "பாத்து, பாத்து, கால மிதிச்சிடப்போற" என்பார். எனக்குச் சுளுக்கு விழுந்து நொண்டிய வாரத்திலும் அவர் கவலைப்பட்டது அவள் காலைப் பற்றித்தான்.

பாதி இடங்களில் அவளுக்கு முகமே இருக்காது. அவளுக்குப் பின் நாடாண்ட ராஜா ஆள் வைத்து உளியால் கொத்தி எடுத்துவிட்டான். அப்படிக் கொத்திய இடத்தில் உளித் தடத்தை மட்டுமே வரைய வேண்டுமாம். மூக்கு இப்படி இருந்திருக்கும், கண் இப்படி என்று சொந்தமாகப் போடக் கூடாது. ஒவ்வொரு கொத்தையும் அவர் வலிக்காமல் மருந்து தடவுவது போல வரைவார். கொத்தியவன் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

அவர் கிளம்புவது ஐப்பசி மழையில், திரும்புவது தை முடிந்து. தெருத் தண்ணீர் வாசல்படி ஏறி, நான் ஸ்கூட்டரை மேலே தள்ள முடியாமல் திணறிக்கொண்டிருக்கும்போது போன் வரும். "இங்க ஒரு தூறல்கூட கெடையாது, தெரியுமா?" என்பார் சந்தோஷமாக. பொங்கலன்று, "பொங்கிடுச்சா?" என்று கேட்பார். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் யாராவது கூப்பிடுவார்கள், வைத்துவிடுவார்.

போன வருடம் டாக்டரம்மா, கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆபரேஷன் கார்த்திகையில் என்று முடிவானது. அந்த வருடம்தான் கோயிலின் உள்ளறையில், படையல் வைக்கும் அறையில், வரைய அனுமதி கிடைத்திருந்தது. அந்தச் சுவருக்காக அவர் எத்தனை வருடம் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

"அவளா நானா, இன்னிக்கே சொல்லிடுங்க."

"எவ?"

"தாடிக்காரி."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இது இன்னா கேள்வி? நான் போகல" என்றார். அன்றே மதாமிடம் சொல்லிவிட்டார். அவருக்குப் பதிலாக, அவரோடு வேலை செய்கிற ஓர் இளம்பெண் போனாள்.

ஜெயித்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரியிடம் அவள் கேட்காமலேயே சொன்னேன், "எகிப்து போக வேண்டியவரு, எனக்காக நின்னுட்டாரு." அவர் குறை வைக்கவில்லை. கஞ்சியை ஆற்றிக் கொடுத்தார், கைத்தாங்கலாக நடக்க வைத்தார், தலை பின்னிவிடக்கூடப் பார்த்தார். எனக்குக் கர்வம் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மத்தியானம், என் கட்டிலருகே உட்கார்ந்து மாதுளை உரித்துக்கொண்டிருந்தார். போனில் படங்கள் வந்தன. அந்தப் பெண் வரைந்த உள்ளறைச் சுவர். கையைத் துடைக்காமலே திறந்தார், திரையெல்லாம் சிவப்பு. பெரிதாக்கிப் பார்த்தார், சின்னதாக்கிப் பார்த்தார். முகம் கறுத்துப்போயிற்று.

"இன்னாங்க?"

"மூஞ்சி போட்டிருக்கா."

காட்டினார். உளி கொத்திய இடத்தில் அழகான கண், மூக்கு, உதடு. நம் ஊர்க் கோயில் சிலைகளை வரைந்து பழகிய கை அது. உடைந்த அம்மனை மூளியாக விட மனசு வராமல் நிரப்பிவிடும். இவரே முதல் வருடம் அதைச் செய்து மதாமிடம் திட்டு வாங்கியவர்தான்.

"சொன்னா திருத்திடப்போறா. இதுக்கு ஏன் இவ்ளோ கோவம்?" என்றேன்.

"திருத்தறத பத்தி இல்லமா. இவ யாரு அவளுக்கு மூஞ்சி போட? நேத்து போனவ. அவ இப்டியா இருப்பா? இத்தினி வருஷமா பாக்கறேன், எனக்குத் தெரியாது?"

குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தை எனக்குத் தெரியும். அடுப்படியில் தனியாக நின்று நான் பாத்திரங்களோடு பேசுகிற குரல் அது. என்னுடையதை வேறொருத்தி தொட்டுவிட்டாள் என்கிற குரல். அவருக்கும் அது வரும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் ஆபீசில் ஒருவர் உண்டு, என்னைப் பார்த்தால் பாட்டு முணுமுணுப்பவர். ஒரு மழை நாளில் தன் பைக்கில் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். இவர் அந்த ஆளுக்குத் தலை துவட்டத் துண்டு கொடுத்தார், டீ போட்டுக் கொடுத்தார், "அடிக்கடி வாங்க" என்று வாசல்வரை போய் அனுப்பிவைத்தார். எவ்வளவு நல்ல மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறேன் என்று அன்றைக்குப் பெருமைப்பட்டேன்.

"சாப்புடு, வந்துட்டேன்" என்று மாதுளைக் கிண்ணத்தை என் கையில் வைத்துவிட்டு, அந்தப் பெண்ணுக்குப் போன் போட வாசல் பக்கம் போனார். எனக்காகத்தான் நின்றார், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னைப் பற்றி ஒருநாளும் அவர் குரல் அப்படி நடுங்கியதில்லை. கிண்ணத்தைத் தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது. தையல் இழுக்கும் என்று எறியவில்லை.