தபித்தாளும் மேட்டில் திணறிய பிக்கப்பும்

பள்ளிக்கூடம் போகாமலே ஓட்டுநர் உரிமம் வாங்கினாள் தபித்தாள். கேள்விகளைக் காதால் கேட்டே தேர்வில் தேறினாள். பதினெட்டு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்த பிறகு பழைய பிக்கப் ஒன்றைச் சொந்தமாக்கினாள். கொலக்கம்பைப் பக்கத்துச் சிறு தோட்டக்காரர்கள், "பொம்பளை ஓட்டுற வண்டியிலயா இலை ஏத்தறது?" என்றார்கள். ஒரே மழைக்காலத்தில் அந்தப் பேச்சை நிறுத்தினாள். கடைசியாக, மூன்று ஆண்கள் கேட்டு நின்ற, தேயிலை ஃபேக்டரிக்கு இலை கொண்டுபோகும் ஓட்டத்தையும் பிடித்தாள்.

அது மட்டும் மயிரிழையில் கைநழுவப் பார்த்தது.

முதல் மாதம் வெள்ளோட்டம். பறித்த இலை மூட்டைக்குள் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும் என்பதால், மதியம் இரண்டு மணிக்குள் ஃபேக்டரியில் இறக்க வேண்டும். மூன்று நாள் தாமதமானால் வேறு வண்டி என்று மேற்பார்வையாளர் ராஜசேகர் முதலிலேயே சொல்லிவிட்டார். பதினைந்து நாளுக்குள் இரண்டு நாள் தாமதமாகிவிட்டது.

"ஏம்மா, இது பிக்கப்பா, மாட்டு வண்டியா?"

"மாடா இருந்தா அதட்டியாச்சும் ஏத்தியிருப்பனுங்க சார்."

அரை மணி நேரம் நன்றாக ஓடும் வண்டி, மேட்டு வளைவு வந்ததும் இழுவை குறைந்து, இரண்டாவது கியரிலும் இருமும். கொஞ்ச நேரம் நிறுத்தினால் மறுபடி கிளம்பும். மெக்கானிக் தௌஹீத் டீசல் ஃபில்டரை மாற்றினான், ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்தான், கடைவீதியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"என் கையில குதிரையாட்டம் ஓடுதுக்கா. நீங்க ஏத்துற பாரம் அப்படி."

பாரம்தானா என்று பார்க்க, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வெறும் வண்டியை அதே வழியில் ஓட்டினாள். அதே வளைவில் திணறியது. அப்படியானால் பாரம் இல்லை. அவளுக்குக் கவலையைவிட, இது என்னதான் என்ற கேள்வியே பெரிதாகிவிட்டது. திணறிய நாட்களையும் திணறாத நாட்களையும் மனதுக்குள் பிரித்து வைத்துப் பார்த்தாள். திணறாத நாள் ஒவ்வொன்றிலும் வழியில் பங்க்கில் டீசல் போட்டிருந்தாள். பங்க்குக்குப் போகாத நாளில், டேங்க்கில் பாதிக்கு மேல் இருந்தும் திணறியது. ஆக, டீசலின் அளவும் காரணமில்லை. பங்க்கில் வேறு என்ன நடக்கிறது?

மூடியைத் திறக்கிறார்கள்.

மறுநாள் இலையோடு வளைவில் வண்டி படுத்தபோது மணி ஒன்று நாற்பது. பானெட்டைத் தூக்காமல் நேரே டேங்க்குக்குப் போய் மூடியைத் திருகினாள். 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது டேங்க். மூடியைத் தளர்வாக வைத்துவிட்டு ஏறினாள். பிக்கப் மேட்டை ஒரே மூச்சில் ஏறியது. ஃபேக்டரித் தராசில் முதல் மூட்டை விழுந்தபோது இரண்டு மணிக்கு நாலு நிமிடம் இருந்தது.

மாலையில் மூடியைக் கழற்றிக்கொண்டு, கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கும் அண்ணன் மோசஸிடம் போனாள். மழைத்தண்ணீர் டேங்க்குக்குள் இறங்கக் கூடாதென்று, இந்த ஓட்டம் தொடங்கிய வாரம் மூடிக்கு உள்ளே சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டி, மூடியோடு சேர்த்து ரெக்ஸின் உறை தைத்துக் கொடுத்தவர் அவர்தான்.

"அண்ணா, உங்க தையல்ல குத்தமே இல்ல. அதான் குத்தம்."

"புரியற மாதிரி சொல்லு புள்ள."

"மூடியில ஒரு பொடி ஓட்டை இருக்குது பாருங்க. டீசல் குறையக் குறைய அதுவழியாத்தான் காத்து உள்ள போகோணும். நீங்க அதையும் சேத்து அடைச்சுட்டீங்க. காத்து போகாம, டீசல் இஞ்சினுக்கு வர மாட்டீங்குது."

மோசஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓட்டையில் ஏழாம் நம்பர் ஊசியை விட்டுப் பார்த்தார். பிறகு தன் தையலைத் தானே பிரித்தார். மெக்கானிக்குக்கே பிடிபடாததைத் தங்கச்சி பிடித்துவிட்டாள் என்று அந்த வாரம் முழுக்க, அளவு கொடுக்க வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன்பின் ஒரு நாளும் தாமதமில்லை. மாதம் முடிந்ததும் ராஜசேகர் ஒரு வருட ஒப்பந்தத் தாளை நீட்டி, கைநாட்டு வைக்க மை டப்பாவையும் பக்கத்தில் வைத்தார். தபித்தாள் மை டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டாள். இரவுகளில் எழுதிப் பழகியிருந்த ஐந்து எழுத்தையும் நிதானமாகப் போட்டாள். அவள் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்ட நாள்: 2023 ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை.