ஸ்டோட்டு போடவேண்டிய கையெழுத்து

அன்பரசி விலங்கியல் பாடம் எடுக்கிறவள். பல்லி விழுந்தால் பெஞ்சுமேல் ஏறிவிடுவாள். ஆனால் மனுஷர்கள் யாருக்கும் பயந்தவள் இல்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் பட்டறையில் அப்பா சாமிக்கண்ணு அச்சில் மண் அழுத்துவார், அம்மா ஆராயி பிசிறு தேய்ப்பாள். அந்த வெள்ளைத் தூசிக்கு நடுவில் படித்து எம்.எஸ்ஸி. முடித்தவள். வேப்பூர் ரோட்டில் ஒரு தனியார் கல்லூரியில் ஆறு வருஷமாக வேலை. கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. "எதாச்சும் விசேஷம் உண்டா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "இருந்தா மைக் வெச்சு சொல்றேங்க" என்று வாயை அடைத்துவிடுவாள்.

விசேஷம் வந்த நேரம் பார்த்துத்தான் கல்லூரிச் செயலாளர் தேவநாதன் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் ஒரு தாள். இரண்டு வருஷத்துக்குக் கர்ப்பமாக மாட்டேன் என்று ஆசிரியைகள் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நீடிக்குமாம். மற்றவர்கள் போட்டுவிட்டார்கள். இவளுக்கோ மூன்றாவது மாதம். போட்டால் பொய், போடாவிட்டால் வேலை போய்விடும். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், நேத்து கிளாஸ்ல ஸ்டோட்டுன்னு ஒன்ன நடத்துனேன். குளிர் நாட்டுல இருக்குது. கீரிய விட சின்னது, கறி திங்கிற ஜாதி. கோடையில ஜோடி சேரும். கரு உண்டாவும், ஆனா கர்ப்பப்பையில ஒட்டாது. ஒம்பது மாசம் போல சும்மா கெடக்கும். பனி போயி பகல் நீளும்போதுதான் ஒட்டும். அப்புறம் ஒரே மாசத்துல குட்டி."

"அதுக்கு இப்ப என்னம்மா?"

"அது வேணா இதுல கையெழுத்துப் போடலாங்க. அதுவும் குட்டிக்கு எரை கெடைக்கிற காலம் பாத்துதான் நிறுத்தி வெக்குது, காலேஜு சொல்லி இல்ல. எனக்கு அந்த வசதி கெடையாது. எனக்கு இப்ப மூணு மாசம்."

தேவநாதன் முகம் கடுகடுத்தது. "அப்ப நாளையிலேருந்து வராதீங்க."

அவள் தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தை அவர் முன்னால் தள்ளினாள். "சரிங்க. புள்ளத்தாச்சின்னு வேலைய விட்டு நிறுத்துறோம்னு இதுல எழுதி, நீங்க கையெழுத்துப் போடுங்க. கோர்ட்டுல கேட்டா காட்டணுமில்ல."

பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள். நீட்டிய கையை மடக்கவில்லை. அவர் வாங்கவில்லை. வகுப்பு மணி அடித்தது.

"போங்க, கிளாஸ் இருக்குதில்ல."

"கையெழுத்து?"

"போங்கம்மா, போயி பாடத்த எடுங்க."

"போறேங்க. பிரசவ லீவு லெட்டர சாயந்திரம் கொண்டாரேன். அதுல போடுங்க."