ஞாயிற்றுக்கிழமைப் போத்தல்

என் கணவரிடம் அபிப்பிராயம் கேட்பதை விடக் கிணற்றுக்குள் குனிந்து கேட்கலாம். கிணறு நாம் சொன்னதையாவது திருப்பிச் சொல்லும். இவர் எதைக் கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கு" என்பார். நான் உடுத்த புதுச் சேலைக்கும் அதுதான், உப்புக் கூடிப்போன சொதிக்கும் அதுதான். பள்ளிக்கூடத்தில் இவரிடம் படித்த பிள்ளைகள் எப்படித்தான் சரி பிழை அறிந்தார்களோ தெரியாது.

ஓய்வு பெற்ற பிறகு சுவிஸிலே மகள் வீட்டில் ஒரு கோடைகாலம் போய் நின்றோம். அங்கே இரவுச் சாப்பாட்டோடு மகள் ஆளுக்குக் கொஞ்சம் வைன் ஊற்றித் தருவாள். கடைக்கு நானும் போவேன். தட்டுத் தட்டாகப் பார்த்து, நானே ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு வருவேன். ஒருவரும் ஏனென்று கேட்டதில்லை. ஒருநாள் நான் எடுத்து வந்ததை இவர் குடித்துவிட்டு, "நேத்தையதுதான் திறம், இது துவர்க்குது" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு அவருடைய வாய் திறந்துவிட்டது. கதிரவெளிப் பள்ளிக்கூடத்தில் முதல் நியமனம் கிடைத்துப் போன அன்று, தன்னை இறக்கிவிட்ட பஸ் திரும்பிப் போவதைப் பார்த்து அழுதுகொண்டு நின்றதாகச் சொன்னார். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் அது எனக்குத் தெரியாது. அந்த மனுசனை எனக்குப் பிடித்துப்போனது. ஊருக்கும் அவரையே கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

இரண்டு வைன் கிளாஸை அவர் உடுத்தும் சாரத்தில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். வெள்ளி எனக்கு விரதம், சனி அவருக்கு. அதனால் ஞாயிறு பின்னேரம், வாவியைப் பார்த்த பின்விறாந்தையில் விலை குறைந்த ஒரு போத்தல் என்று முடிவாயிற்று. இறால் பொரித்து வைப்பது என் வேலை. போத்தல் வாங்குவது அவர் வேலை, வேறு வழியில்லை. எங்கள் நாட்டில் பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்று சட்டமாம்.

இவர் போய் வாங்கிய சீரைக் கேளுங்கள். பக்கத்துக் கடைக்குப் போன முதல் நாளே பழைய மாணவன் ஒருவன் கண்டுவிட்டான். "சேர், நீங்க வரிசையில நிக்காதிங்க, நான் எடுத்துத் தாறன்" என்று சத்தம் போட்டானாம். அதன்பிறகு இவர் எங்கேயோ தூரத்துக் கடைக்குப் போய், ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்று, கடைக்காரன் கையில் தந்ததைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு ஓடிவருவார். இனிப்பில்லாதது கேளுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்புவேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

முதலாவது சிவப்பு. மூடியைத் திருகும்போதே இருமல் மருந்துப் பாணி மணத்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றார். அடுத்தது வெள்ளை. ஊறப்போட்டு மறந்த அரிசித் தண்ணியின் மணம், குடித்தால் தொண்டையில் இரும்புக் கறள். அதுவும் நல்லாத்தான் இருந்ததாம். மற்றொன்று கொஞ்சம் பரவாயில்லை. பாலப்பழம் தின்றபின் உதட்டில் ஒட்டுமே, அந்தப் பிசுபிசுப்பு. ஆசையோடு, "பாலப்பழம் மாதிரி இல்லையா?" என்று கேட்டேன். "ஓம்" என்றார். நாவற்பழம் என்று கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பார். நான் வாவியைப் பார்த்தேன், அவர் இறாலைப் பார்த்தார். ஒவ்வொரு ஞாயிறும் இப்படியே போனது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிறு மோட்டார்சைக்கிளில் நானும் ஏறிவிட்டேன். "நீ என்னத்துக்கு?" என்றார். "கண்ணால பாத்து எடுக்க" என்றேன்.

கடை வாசலில் வைன் ஸ்டோர்ஸ் என்று பெரிதாக எழுதியிருந்தது. உள்ளே பார்த்தால் சாராயமும் பியரும்தான். வைன் போத்தல்கள் தகரக் கூரைக்குக் கிட்ட, மேல்தட்டில் தூசி பிடித்து நின்றன. கம்பி வலைக்குள் இருந்த பொடியன் என்னைக் கண்டதும் எழும்பிவிட்டான்.

"அம்மா, லேடீஸுக்குக் குடுக்க ஏலா."

"பாக்கத்தான் தம்பி வந்தன்."

"பாக்கவும் வேணாம் அம்மா. ஆக்கள் நிக்காங்க."

ஆட்கள் நின்றார்கள்தான். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். முகம் எரிந்தது. பேரப்பிள்ளை கண்டவளுக்கு ஒரு போத்தலைப் பார்க்கவும் அனுமதி இல்லை. இவரோ மோட்டார்சைக்கிளை விட்டு இறங்காமல் ஹெல்மெட்டோடு இருந்தார். "இஞ்சாருங்க, இஞ்ச வாங்க!" என்று நான் போட்ட சத்தத்தில்தான் வந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் அவனிடம் சொன்னார். மேல்தட்டு, இடப்பக்கம், கறுப்புக் கடதாசி ஒட்டியது. ஒருவரும் கேட்காமலே, "எனக்குத்தான்" என்று வேறு சொன்னார்.

பொடியன் ஸ்டூலில் ஏறி எடுத்து, தூசியைத் தட்டினான். "சேர், இது கனகாலமா நிக்கிது" என்றான். ஹெல்மெட்டுக்குள்ளும் சேரை அடையாளம் தெரிந்திருக்கிறது.

"கனகாலம் நிண்டாத்தான் நல்லம்" என்று நான் அடித்துச் சொன்னேன். வைன் பழசானால் திறம் என்று மகள் சொன்னது எனக்கு நினைவிருந்தது. அவளுடைய போத்தல் குளிர்ந்த நிலக்கீழ் அறையில் படுத்துக் கிடந்ததும், இது தகரச் சூட்டில் நின்று வெந்ததும் அப்போது நினைவில் வரவில்லை.

பின்விறாந்தையில் வைத்துத் தக்கையைக் குறட்டால் இழுத்தார். பாதி உடைந்து உள்ளே விழுந்தது. தேத்தண்ணி வடியில் வடித்தேன். பிளேன்டீ நிறத்தில் இறங்கியது. அவர் ஒரு வாய் குடித்தார். கிளாஸைக் கீழே வைத்தார்.

"இது சரியில்ல" என்றார். "வினாகிரி. பழுதாப்போச்சு."

எனக்குக் காதை நம்ப முடியவில்லை. "அப்ப மத்ததெல்லாம்?"

"அதுகளும் சரியில்லத்தான். சிவப்பு இருமல் பாணி. வெள்ளை குடிச்சிட்டு விடிய விடியத் தலையிடி. நீ அந்த ரெண்டு கிளாஸையும் துடைச்சு வெச்சிட்டு என்ட வாயையே பாத்துட்டு இருப்பாய். மறுகா நான் என்னத்தச் சொல்ல?"

இதைத்தான் நான் ஞாயிறு ஞாயிறாகக் காத்திருந்து கேட்டேன். இப்போது வந்துவிட்டது. வந்தது எதற்கு? அத்தனை பேர் பார்க்க நின்று, நான் என் கண்ணால் பார்த்து எடுத்த ஒரேயொரு போத்தலுக்கு. ஆத்திரத்தில் எனக்கு அழுகை முட்டியது. என் கிளாஸை எடுத்தேன். வாயில் வைக்கும்போதே புளிப்பு மூக்கில் ஏறியது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.