ஐந்தாவது கை

யுத்தம் முடிந்து இரண்டாவது வருடம் நான் ஓய்வு பெற்றேன். எங்கள் ஊர் உப தபாலகத்தை நீண்ட காலம் நடத்தியவன் என்பதால், அதன் பிறகும் படிவம் நிரப்ப வேண்டியவர்கள் என் வீட்டுக்குத்தான் வந்தார்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் திருத்த வேண்டும், படகைப் பதிய வேண்டும், குவைத்தில் இருக்கும் மகளின் முகவருக்குக் கடிதம் எழுத வேண்டும். அப்படித்தான் ஒரு நாள் காலையில் மிஸ்ஸியும் வந்தார்.

மிஸ்ஸி என்பது ஊர் அவரைக் கூப்பிட்ட பெயர். எங்கள் கரையில் அரசாங்க மருத்துவமாதாக இருந்து, எனக்கு ஒரு வருடம் முன்னால் ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேர் அவருடைய கையில் பிறந்தவர்கள். என்னுடைய இரண்டு பிள்ளைகளும் அப்படித்தான். என்னைவிட ஆறு வயது மூத்தவர், என்னைத் தம்பி என்பார். கணவர் சிலாபம் பக்கம் போய் வேறு குடும்பமாகிவிட்டார். ஒரே மகனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பிறந்தபோது அழாத பிள்ளை. நடை சரியில்லை, பேச்சு இல்லை. நாம் சொல்வது மட்டும் விளங்கும்.

எந்தெந்த வீட்டில் அப்படிப்பட்ட பிள்ளை திரைச்சீலைக்குப் பின்னால் பாயில் கிடக்கிறது என்பது மிஸ்ஸிக்குத் தெரிந்திருந்தது. கையில் ஒரு துண்டுத் தாளும் இல்லாமல் பதினான்கு வீடுகளை வரிசையாகச் சொன்னார்.

"இதுகளுக்குப் பகல்ல இருக்க ஒரு இடம் வேணும் தம்பி. பங்குச் சாமி பழைய மறைக்கல்வி மண்டபத்தத் தாறன் எண்டு சொல்லிட்டார். ஆனா சங்கமாப் பதியாட்டி ஒண்டும் நடக்காதாம். சங்கத்துக்கு விதியெல்லாம் போட்டு யாப்பு எழுதணுமாம். நீங்க எழுதுங்க."

நான் எழுதினேன். சமூக சேவை உத்தியோகத்தர் தந்த மாதிரி யாப்பு சிங்களத்தில் இருந்தது. தபால் வேலையில் பழகிய சிங்களத்தை வைத்துக்கொண்டு இரண்டு கிழமை உட்கார்ந்து அதைத் தமிழாக்கினேன். மிஸ்ஸிக்கும் எனக்கும் ஒரேயொரு இடத்தில் இழுபறி. பெற்றோர் எல்லோரும் அங்கத்தவர்கள் என்று நான் எழுதியிருந்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. தாய்மார் ஏற்கெனவே வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்ளும் பேச்சுப் போதும், அவர்களைக் கூட்டத்துக்கும் இழுக்கவேண்டாம் என்றார். அது இல்லாவிட்டால் உத்தியோகத்தர் ஏற்கமாட்டார் என்று ஒரு பொய் சொல்லி அதை வைத்துக்கொண்டேன். பெற்றோர் முறைப்பாடு தந்தால் ஒரு மாதத்துக்குள் நிர்வாக சபை விசாரிக்கவேண்டும் என்றும், பெரும்பான்மை வாக்கால் எந்தப் பதவியாளரையும் நீக்கலாம் என்றும் அந்த மாதிரியில் இருந்தன. அவற்றை அதிகம் யோசிக்காமல் அப்படியே பெயர்த்தேன்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்த பிறகு முதல் கூட்டம். மறைக்கல்விப் பிள்ளைகளின் குட்டி வாங்குகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு இருந்தோம். மிஸ்ஸி தலைவர், நான் செயலாளர். மீன் முதலாளி ஒருவர் உபதலைவர். ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியர், பாடகர் குழுவை நடத்தும் அம்மா ஒருவர், கடைக்காரர் ஒருவர், பிறகு கொழும்புக்குப் போய்விட்ட ஒருவர் என்று மொத்தம் ஏழு பேர். எல்லோரும் கை தட்டினார்கள். சாமி செபம் சொல்லி முடித்தார்.

முதல் வருடம் ஏழு பேரும் வந்தார்கள். அடுத்த வருடம் ஐந்து பேர். அதற்குப் பிறகு, கூட்டத்துக்கு முதல் நாள் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகவேண்டி வந்தது. நான்கு பேர் இல்லாமல் கூட்டம் நடத்த யாப்பில் இடமில்லை. நானே எழுதிய யாப்பு. மீன் பட்டால் வேலை என்பார்கள், படாவிட்டால் மனம் சரியில்லை என்பார்கள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை மிஸ்ஸியும் நானும் கடைக்காரரும் நான்காவது ஆளுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு எழுந்து போயிருக்கிறோம்.

ஆனால் மண்டபத்தில் பிள்ளைகளின் நிலையம் நடந்தது. மிஸ்ஸி நடத்தினார். பதினொரு பிள்ளைகள், அவருடைய மகனையும் சேர்த்துப் பன்னிரண்டு. சமைக்க ஒரு பெண் வருவாள். கழுவுவது, துடைப்பது, ஊட்டுவது, வலிப்பு வந்தால் மடியில் போட்டுக்கொள்வது எல்லாம் மிஸ்ஸி. ஒன்பது வருடம் படுத்தே கிடந்த ஒரு பிள்ளை அங்கே நிமிர்ந்திருந்து கரண்டி பிடிக்கப் பழகியது. அதைப் பார்த்த தாய் வாசலிலேயே நின்றாள். வீட்டுக்குப் போகச் சொன்னாலும் போகவில்லை. நான் இதையெல்லாம் கண்டது மாதத்தில் ஒரு நாள், கையெழுத்து வாங்கப் போகும்போது மட்டும்தான்.

ஐந்தாவது வருடம், கச்சான் காற்று மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், எத்தாளையிலிருந்து பிள்ளையைக் கொண்டுவரும் ஒரு தாய் என் வீட்டுக்கு வந்தார். முஸ்லிம் பெண். வடக்கிலிருந்து துரத்தப்பட்ட குடும்பத்தில் வந்து, இங்கே வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர். மகளுக்கு எட்டு வயது. ஒரு இடத்தில் நிற்காத பிள்ளை, கதவு திறந்திருந்தால் றோட்டுக்கு ஓடிவிடும். அன்று வேலை முன்கூட்டியே முடிந்ததால் தாய் நேரத்தோடு வந்திருக்கிறார். மகளின் இடுப்பில் சேலைக் கிழிசலைச் சுற்றி ஜன்னல் கம்பியில் கட்டியிருந்ததாம். அவிழ்த்துக் கூட்டிக்கொண்டு நேரே என்னிடம் வந்துவிட்டார்.

"மிஸ்ஸி கெட்டவங்க இல்ல சேர், அது எனக்குத் தெரியும்," என்றார். "ஆனா எண்ட புள்ளயக் கட்டிப் போட்டது சரியில்லதானே?"

முறைப்பாடு எழுத்தில் வரவேண்டும் என்றேன். தனக்கு எழுத வராது என்றார். அவர் சொல்லச் சொல்ல நானே எழுதி, வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கினேன். மகள் அதற்குள் எங்கள் வளவை மூன்று தரம் சுற்றி ஓடிவிட்டாள்.

அந்தத் தாளை மூன்று நாள் அலுமாரிக்குள் வைத்திருந்தேன். அது இல்லாததுபோல இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. நாலாம் நாள் நிலையத்துக்குப் போனேன். மிஸ்ஸி பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தார். வாசித்தேன். மறுப்பார் என்று நினைத்தேன். அவர் பிசைவதை நிறுத்தவில்லை.

"ஓம், கட்டினன். ஒராள் கழுவிக்கொண்டு இருக்கேக்குள்ள மற்றது றோட்டுக்கு ஓடினா நான் என்ன செய்யிற? என்ட மகனையும் கட்டித்தான் வச்சனான், தம்பி. இருவது வருஷம். இல்லாட்டி உங்கட பிள்ளைகள ஆர் வந்து எடுத்திருப்பா?"

என் மூத்தவள் பிறந்தது ஒரு மழை நாள். மிஸ்ஸி காலையில் வந்து பின்னேரம் வரை எங்கள் வீட்டில் இருந்தார். அவருடைய மகனுக்கு அப்போது மூன்று வயது. அவன் எங்கே இருக்கிறான் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

கூட்டத்தைக் கூட்டினேன். அன்றைக்கு ஆளைத் தேடிப் போகவேண்டியிருக்கவில்லை, செய்தி பரவியிருந்தது. மிஸ்ஸி தலைவர் கதிரையிலிருந்து எழுந்து பக்கத்து வாங்கில் போய் இருந்தார். உபதலைவர் நடத்தினார். எத்தாளைத் தாய் வெளியே படியில் இருந்தார். இனிக் கட்டமாட்டேன் என்று மிஸ்ஸி ஒரு வார்த்தை சொன்னால் போதும், இதை இத்தோடு முடித்துவிடலாம் என்று நான் எண்ணியிருந்தேன். அவர் சொல்லவில்லை. இன்னும் இரண்டு பேரைத் தாருங்கள், கட்டமாட்டேன் என்றார். அதற்கு ஒருவரும் முன்வரவில்லை.

சபைக்குள் கதை இரண்டாகப் பிரிந்தது. மிஸ்ஸி போனால் பிள்ளைகளை யார் கழுவுவது என்று கடைக்காரரும் பாடகர் குழு அம்மாவும் கேட்டார்கள். விஷயம் வெளியே போனால் கோயிலுக்குத்தான் கெட்ட பெயர் என்றார்கள் ஆசிரியரும் மீன் முதலாளியும். கட்டப்பட்ட பிள்ளையைப் பற்றி இரு பக்கமும் கதைக்கவில்லை. புதிதாக மாறி வந்திருந்த சாமி, தான் சங்கத்தின் போஷகர் மட்டுமே, போஷகருக்கு வாக்கு இல்லை என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். பதவி நீக்கத்துக்குக் கை உயர்த்தச் சொன்னபோது இரண்டு கைகள் உயர்ந்தன, இரண்டு உயரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் உயர்த்தினேன். முறைப்பாடு என் கையெழுத்தில் இருந்தது, அது ஒரு காரணம். யாப்பு இன்னொரு காரணம். சோறு பிசைந்துகொண்டே அவர் என் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னது என்னைக் குத்தியிருந்தது, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எத்தனையோ தரம் யோசித்தும் அதை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மிஸ்ஸி நிலையத்தின் திறப்புக் கோர்வையை மேசையில் வைத்தார். அடுத்த அறைக்குப் போய் மகனின் கையைக் கழுவிவிட்டு, அவனைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு காற்றுக்குள் நடந்தார்.

நிலையம் ஐந்து கிழமை பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் பழையபடி பாய்க்குப் போனார்கள். ஆறாவது கிழமை எத்தாளைத் தாய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து என் வாசலில் நின்றார்.

"சேர், நான் பூட்டச் சொல்லிக் கேக்கல்லயே."

அதற்குப் பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. தாய்மாரைக் கூட்டி முறை போட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு பேர். தலைவர் பதவிக்கு ஒருவரும் வராததால் நானே தலைவரானேன், நாள்தோறும் போனேன். முதல் நாளே அந்தச் சிறுமியின் மணிக்கட்டைப் பிடித்தபடி காலை முழுவதும் இருந்தேன். விட்டபோது என் விரல்களின் அடையாளம் அவளுடைய தோலில் சிவந்து கிடந்தது. தாய்க்குக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

தலைவர் மாறியதைப் பிரதேச செயலகத்துக்கு அறிவிக்கக் கூட்டறிக்கைப் புத்தகத்தின் பழைய பக்கங்களைப் புரட்டியபோதுதான் கண்டேன். றோட்டுப் பக்கமாக ஒரு வேலி போட்டுத் தரும்படி தலைவர் கேட்டுக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் ஆராயப்படும். என் கையெழுத்து. அடுத்த கூட்டத்துக்கு ஆள் வரவில்லை. எட்டு மாதம் தள்ளி இன்னொரு பக்கத்தில் அதே வேலி, அதே வசனம். அதற்கு அடுத்த கூட்டத்தில் திருவிழாக் கடையைப் பற்றிக் கதைத்திருக்கிறோம்.

கரைக்குப் போய் நான்கு பேரிடம் சொன்னேன். தென்னங்குற்றிகளையும் பழைய வலையையும் கொண்டுவந்து இரண்டு காலையில் வேலியைப் போட்டுவிட்டார்கள். உள்ளே வெளியே போக ஒரு படலையும் வைத்தார்கள். சிறுமி வேலியோரமாக ஓடித் திரிந்தாள். அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு மிஸ்ஸி வீட்டுக்குப் போனேன். வளவில் மகனைக் கதிரையில் இருத்தி முகம் வழித்துக்கொண்டிருந்தார். பக்கங்களைக் காட்டி, இரண்டு தரம் கேட்டிருக்கிறீர்கள் என்றேன். மகனின் நாடியைத் தூக்கிப் பிடித்தபடியே சொன்னார்.

"ரெண்டு தரம் இல்ல தம்பி, மூண்டு தரம். ஒண்ட நீங்க எழுதவேயில்ல."

நான் கை உயர்த்தியதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை. பிள்ளையைக் கட்டியது பிழைதான், அதற்குக் கை உயர்த்தியதில் தனக்குக் கோபமில்லை என்றார். ஆனால் ஒரு நாளாவது வந்து பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு உயர்த்தியிருக்கலாம் என்றார். பிறகு சவர்க்கார நுரையைத் துடைக்கத் துவாயை எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். தலைவராக வரவில்லை, ஒரு பிள்ளையின் தாயாக வந்தார். வியாழக்கிழமை முறையைக் கேட்டு வாங்கினார். எத்தாளைத் தாயும் வியாழன்தான். முதல் சில கிழமை இருவரும் பிள்ளைகளைப் பற்றியன்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. பிறகு கதைத்தார்கள். எப்போது, எப்படி என்று நான் கேட்கவில்லை.

தலைவராக மூன்று வருடம் இழுத்தேன். சீனி வருத்தம், முழங்கால் நோவு. படிவங்களைக் கண்டாலே களைத்தது. ஒரு வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் விலகல் கடிதத்தை வாசித்தேன். சபைக்காரர்கள் திருவிழா முடியட்டும், அடுத்த வருடம் பார்ப்போம் என்றார்கள். அப்போது தாய்மாரின் பக்கத்திலிருந்து மிஸ்ஸி எழுந்தார். அவரை விடுங்கள், ஆள் களைத்துப் போய்விட்டார் என்று சொல்லிவிட்டு, எத்தாளைத் தாயின் பெயரைத் தலைவர் பதவிக்குச் சொன்னார்.

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு. கோயில் மண்டபம் என்றார் பாடகர் குழு அம்மா. சாமி என்னிடம் யாப்பை வாங்கி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார். தலைவரின் மதத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. நான் எழுத மறந்ததால் நடந்த ஒரே நல்ல காரியம் அதுவாக இருக்கவேண்டும்.

எத்தாளைத் தாய் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, தனக்கு எழுத வாசிக்க வராது என்றார். மிஸ்ஸி என் பக்கம் கையைக் காட்டினார்.

"எழுத இவர் இருக்கார். வாய் திறந்து சொல்ல ஒராள் வேணும். நான் செஞ்சது பிழையெண்டு சொன்னவ அவ மட்டுந்தான்."

அப்படி நான் பழையபடி செயலாளரானேன். விலக வந்தவனை விட்டுவிட்டார்கள் என்றும் சொல்லலாம், பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்றும் சொல்லலாம். கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அன்றைய தீர்மானத்தை எழுதினேன்.

புதிய தலைவர் கூட்டத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றினார். சபையில் இருக்கும் ஒவ்வொருவரும் மாதத்தில் ஒரு நாள் நிலையத்தில் நின்று பிள்ளைகளைப் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் கூட்டத்தில் வாக்கு இல்லை என்று ஒரு விதி கொண்டுவந்தார். முதல் மாதமே மீன் முதலாளியும் ஆசிரியரும் விலகினார்கள். அந்த இரண்டு இடத்துக்கும் தாய்மார் வந்தார்கள். இப்போது ஆளைத் தேடி சைக்கிளில் போகவேண்டிய தேவை இல்லை.

எனக்கு மாதத்தின் முதல் செவ்வாய். இப்போது சைக்கிள் ஓட முடியாது, நடந்துதான் போகிறேன். முழங்கால் விடுவதில்லை. இடையில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழும்பவேண்டும். அதனால் அன்றைக்குக் கொஞ்சம் நேரத்தோடு வெளிக்கிட்டுவிடுவேன்.